விபத்தான வண்டியை எடுத்த பிறகும் நெரிசல் ஏன் தீருவதில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இறுதி ஆண்டு சிவில் புராஜெக்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள்: மூன்று லேன் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து, ஒரு லேன் அரை மணி நேரம் அடைபடுகிறது, வண்டியை எடுத்த பிறகும் முக்கால் மணி, ஒரு மணி என்று நெரிசல் நீள்கிறது, இதைக் கணக்காக எழுத முடியுமா, சிமுலேஷன் மென்பொருள் இல்லாமல் ஆகாதா என்று.

எழுத முடியும். மென்பொருளை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு தாளும் பேனாவும் போதும், அதில் வரும் விடையே பல பேர் நினைத்துப் பார்க்காத ஒன்று.

பள்ளியில் குழாயும் தொட்டியும் கணக்கு போட்டிருப்பீர்கள். ஒரு குழாய் நிரப்பும், இன்னொன்று காலி செய்யும், தொட்டி எப்போது நிரம்பும், எப்போது வற்றும். விபத்து நெரிசலுக்கும் அடிப்படை இதுவேதான். ஒரு லேன் மணிக்கு 2000 வண்டிகளைக் கடத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று லேனுக்கு 6000. சாலையில் வந்துகொண்டிருப்பது மணிக்கு 4800, அதாவது சாலை கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கிறது, ஆனால் நெரிசல் இல்லை. இப்போது ஒரு லேன் அடைபடுகிறது. மூன்றில் ஒன்று போனால் மிச்சம் 4000 என்று எழுதத் தோன்றும். அங்கேதான் முதல் தவறு நடக்கிறது. மிச்சமுள்ள இரண்டு லேனும் முழு வேகத்தில் ஓடுவதில்லை: அடைபட்ட லேனில் இருப்பவர்கள் உள்ளே நுழைய வேண்டும், பக்கத்து லேன்காரர்கள் பிரேக் போட்டு இடம் விட வேண்டும், போகிற ஒவ்வொருவரும் என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் சாலைக் கொள்ளளவுக் கையேடான 'ஹைவே கெப்பாசிட்டி மேனுவல்' 2000ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஒரு அட்டவணை தருகிறது. மூன்று லேன் சாலையில் ஒரு லேன் அடைபட்டால் மிஞ்சுவது 49 சதவீதம், இரண்டு லேன் அடைபட்டால் 17 சதவீதம். இரண்டு லேன் சாலையில் ஒன்று அடைபட்டால் 35 சதவீதம்தான்.

சரி, 49ஐ 50 என்று எடுத்துக்கொள்வோம். மணிக்கு 4800 வண்டி வருகிறது, 3000 போகிறது. அரை மணியில் 900 வண்டிகள் தேங்கும். அடைப்பு நீங்கியதும் 6000 போகலாம், ஆனால் புதிதாக 4800 வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆகவே தேங்கியது வற்றும் வேகம் மணிக்கு வெறும் 1200. 900 வண்டி வற்ற 45 நிமிடம். நீங்கள் பார்த்த முக்கால் மணி இதுதான். தேங்கிய வண்டிகளை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறி இறங்கும் ஒரு முக்கோணம் வரும். மொத்தத் தாமதம் அந்த முக்கோணத்தின் பரப்பு: 900 வண்டி உயரம், ஒன்றேகால் மணி அடிப்பக்கம், பாதி எடுத்தால் சுமார் 562 வண்டி-மணி (ஒரு வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் அது ஒரு வண்டி-மணி).

இப்போது அடைப்பு நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 30க்குப் பதில் 20 நிமிடத்தில் எடுத்துவிட்டால் 600 வண்டி தேங்கி, 30 நிமிடத்தில் வற்றி, மொத்தத் தாமதம் 250 வண்டி-மணி. 40 நிமிடம் ஆனால் 1000 வண்டி-மணி. நேரம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்கு. முக்கோணத்தின் உயரமும் அடிப்பக்கமும் சேர்ந்து வளர்வதால் பரப்பு வர்க்கமாக ஏறுகிறது, அவ்வளவுதான். உங்கள் புராஜெக்டில் ஒரே ஒரு வரி நிற்க வேண்டும் என்றால் இந்த வரி நிற்கட்டும். சாலையை அகலப்படுத்தக் கோடி கோடியாகச் செலவழிக்கும் இடங்களில், ஒரு கிரேன் பத்து நிமிடம் முன்னால் வந்து சேர்வதற்கான ஏற்பாடு எவ்வளவு தாமதத்தை மிச்சப்படுத்தும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே ஆதங்கம் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் மதிப்பீட்டில் அந்நாட்டு நெரிசலில் சுமார் கால் பங்கு விபத்து, வண்டி பழுது போன்ற சம்பவங்களால் வருவது.

வரத்து கூடினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். மற்றதெல்லாம் அப்படியே, 4800க்குப் பதில் 5400 வருகிறது. தேங்குவது 1200 வண்டி, வற்றும் வேகமோ மணிக்கு 600 மட்டும், ஆகவே முழுதாக வற்ற இரண்டு மணி நேரம். தாமதம் 1500 வண்டி-மணி. வரத்து எட்டில் ஒரு பங்குதான் கூடியது, தாமதம் இரண்டரை மடங்குக்கு மேல். இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. நின்று கிளம்பும் வரிசை, சாலையின் முழுக் கொள்ளளவில் வெளியேறுவதில்லை. முன் வண்டி நகர்ந்த பிறகு பின் வண்டி சற்றுத் தயங்கித்தான் கிளம்புகிறது, இடைவெளி விழுகிறது. ஆய்வுகளில் இந்த இழப்பு பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம் வரை வருகிறது. 10 சதவீதம் என்று வைத்தால் 6000 என்பது 5400 ஆகிவிடும். 4800 வரத்துக்கு வற்றும் நேரம் 45 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் ஆகிறது. 5400 வரத்து இருந்தால் வற்றவே வற்றாது, மாலை நேரக் கூட்டம் தானாகக் குறையும் வரை வரிசை அப்படியே நிற்கும். மாலை ஐந்து மணி விபத்தின் நெரிசல் எட்டு மணிவரை இழுப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் 2015 மார்ச்சில் மீன் ஏற்றி வந்த ஒரு டிரக் மாநில நெடுஞ்சாலை 99ல் கவிழ்ந்தது. நேரம் மதியம் இரண்டரை மணி வாக்கில். அதை அகற்ற ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஆனது, மாலைக் கூட்டம் முழுவதும் அதில் மாட்டியது. ஒரே ஒரு டிரக். அதற்குப் பிறகு அந்த நகரம் விபத்து வண்டிகளை அகற்றும் முறையை முழுதாக மறுபரிசீலனை செய்தது. அதே வாஷிங்டன் மாநிலத்தில் 2002லேயே சாலைத் துறையும் மாநிலக் காவல்துறையும் சேர்ந்து, எந்தச் சம்பவத்தையும் 90 நிமிடத்துக்குள் அகற்ற வேண்டும் என்று கூட்டு இலக்கு வைத்திருந்தன. வர்க்கக் கணக்கைப் புரிந்துகொண்டால், அப்படி ஒரு நேர இலக்கு வைப்பது எவ்வளவு சரியான வேலை என்று தெரியும்.

அடுத்து, வண்டியை ஓரம் கட்டுவது. அதே அட்டவணைப்படி, மூன்று லேன் சாலையில் விபத்து வண்டிகள் ஓரத்தில் நின்றாலே, எந்த லேனும் அடைபடாவிட்டாலும், மிஞ்சுவது 83 சதவீதம். 6000ல் அது 4980. வரத்து 4800. வரிசை வற்றும் வேகம் மணிக்கு 180, கிட்டத்தட்ட வற்றவே இல்லை. ஆகவே ஓரம் கட்டியதோடு வேலை முடியவில்லை. ஆனால் ஓரம் கட்டுவதை முதலிலேயே செய்தால் கிடைக்கும் பலன் பெரியது. பத்து நிமிடத்தில் வண்டியை ஓரத்துக்கு நகர்த்தி, அங்கே இன்னும் 20 நிமிடம் வைத்திருந்து, பிறகு எடுத்துப் போனதாக வையுங்கள். முதல் பத்து நிமிடத்தில் தேங்குவது 300, அடுத்த இருபதில் அது 240 ஆகக் குறைகிறது, கடைசி 12 நிமிடத்தில் வற்றிவிடும். மொத்தத் தாமதம் 139 வண்டி-மணி. அதே அரை மணி நேர விபத்துதான், 562 எங்கே, 139 எங்கே! யாருக்கும் அடிபடவில்லை என்றால் வண்டியை உடனே ஓரம் கட்டு என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமே இருக்கிறது. நம் ஊரில் நடு ரோட்டிலேயே நின்று, போலீஸ் வந்து பார்த்தால்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று பயந்து யாரும் வண்டியை நகர்த்துவதில்லை. யாருக்கும் அடிபடாத விபத்தில் நாலா பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டு ஓரம் கட்டும் பழக்கம் எல்லோருக்கும் வந்தாலே மாலை நேரச் சாலைகள் எவ்வளவோ மூச்சு விடும்.

இதுவரை தொட்டிக் கணக்கு. அதில் ஒரு குறை: வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி நினைக்கிறது. வரிசை எத்தனை வண்டி என்று சொல்லும், எத்தனை கிலோமீட்டர் நீள்கிறது என்று சொல்லாது. அதற்கு அலைக் கணக்கு வேண்டும். 1955ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் லைட்ஹில், விட்டம் என்ற இருவர் இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். முதலாவது நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வது பற்றியது, இரண்டாவது நீண்ட சாலைகளில் போக்குவரத்து பற்றியது. இரண்டுக்கும் கணிதம் ஒன்றுதான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு நிலைகளுக்கு நடுவில் உள்ள எல்லை நகரும் வேகம் என்பது, ஓட்டத்தில் (மணிக்கு எத்தனை வண்டி) உள்ள வித்தியாசத்தை அடர்த்தியில் (கிலோமீட்டருக்கு எத்தனை வண்டி) உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வருவது. இந்த ஒரு விதி போதும்.

நம் சாலையில் தடையில்லாத வேகம் மணிக்கு 100 கி.மீ., முழுதாக நின்றுபோனால் மூன்று லேனிலும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 360 வண்டி என்று வைப்போம். 4800 வண்டி 100 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால் அடர்த்தி 48. முழுக் கொள்ளளவான 6000 ஓடும்போது அடர்த்தி 60, ஓட்டம் நின்றுபோனால் 360, நடுவில் நேர்க்கோடு என்று எடுத்துக்கொள்வோம். அதன்படி நெரிசலுக்குள் ஓட்டம் 3000, அடர்த்தி 210, வேகம் சுமார் 14 கி.மீ. ஓட்ட வித்தியாசம் 1800, அடர்த்தி வித்தியாசம் 162, ஆகவே வரிசையின் வால் மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்கிறது. அரை மணியில் ஐந்தரை கிலோமீட்டர். இப்போது வண்டியை எடுத்துவிட்டார்கள். 'வழி கிடைத்தது' என்ற சேதி, அதுவும் ஒரு அலைதான், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் (ஓட்ட வித்தியாசம் 3000, அடர்த்தி வித்தியாசம் 150) பின்னோக்கிக் கிளம்புகிறது. ஆனால் வாலும் ஓடிக்கொண்டிருக்கிறதே! ஐந்தரை கி.மீ. முன்னால் போய்விட்ட வாலை, 9 கி.மீ. வேக வித்தியாசத்தில் துரத்திப் பிடிக்க முப்பத்தேழரை நிமிடம் ஆகிறது. பிடிக்கும் இடம் விபத்து நடந்த இடத்திலிருந்து பன்னிரண்டரை கிலோமீட்டர் பின்னால். அங்கிருந்து சாதாரண ஓட்டம் 100 கி.மீ. வேகத்தில் விபத்து இடத்துக்குத் திரும்பி வர இன்னொரு ஏழரை நிமிடம். கூட்டினால் சரியாக 45. தொட்டிக் கணக்கில் வந்த அதே 45. இரண்டும் ஒத்துப்போவது உங்கள் கணக்கு சரி என்பதற்கு நல்ல சோதனை.

வால் மிகத் தொலைவில் இருப்பது விபத்தை அகற்றும்போது அல்ல, அகற்றி அரை மணி நேரத்துக்கு மேல் கழிந்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த நேரத்தில் வந்து மாட்டுகிற ஓட்டுநர் கொஞ்ச தூரம் ஊர்ந்துவிட்டு, திடீரென்று சாலை காலியாகி, வழியில் எதையும் காணாமல், எதற்காக நின்றோம் என்றே தெரியாமல் போவார். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை இறங்கு வழிகள், எத்தனை பாலங்கள் இருக்கின்றனவோ அத்தனையும் பாதிக்கப்படும். விபத்துச் சாலைக்குச் சம்பந்தமே இல்லாத ஊருக்குப் போகிறவரும் நிற்பார்.

பாதுகாப்பு விஷயம் இதைவிட முக்கியம். வாலில் நடப்பது என்ன? 100 கி.மீ. வேகத்தில் வருகிறவர் 14 கி.மீ. வேகத்தில் ஊரும் வண்டியை எதிர்கொள்கிறார், அந்த இடமும் ஒவ்வொரு நிமிடமும் கிட்டத்தட்ட 185 மீட்டர் அவரை நோக்கி நகர்கிறது. இரண்டாவது விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. விபத்து இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் எச்சரிக்கைக் கூம்பும் பலகையும் வைத்தால் ஐந்தரை நிமிடத்தில் வரிசை அதை விழுங்கிவிடும், அதற்குப் பிறகு அந்தப் பலகையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எச்சரிக்கை வாலுக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். புராஜெக்டில் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துச் செய்தாலும் நல்ல வேலைதான், ஒரு உயிரையாவது காப்பாற்றும்.

அகற்றும் நேரத்தை மாதிரியில் எப்படி நுழைப்பது? சராசரி 30 நிமிடம் என்று ஒரே எண்ணைப் போட்டுவிடாதீர்கள். இரண்டு விபத்து, ஒன்று 10 நிமிடத்தில் முடிந்தது, இன்னொன்று 50. சராசரி 30தான். ஆனால் தாமதம் 62, 1562, அவற்றின் சராசரி 812. சராசரி நேரத்தைப் போட்டிருந்தால் 562 வந்திருக்கும். வர்க்கம் என்பதால், நீண்டு போகும் சில விபத்துகள்தான் மொத்தத் தாமதத்தையும் ஆள்கின்றன. நிஜத் தரவிலும் பெரும்பாலானவை சீக்கிரம் முடியும், சில மட்டும் மணிக்கணக்கில் இழுக்கும், ஆகவே லாக்-நார்மல் மாதிரியான நீண்ட வால் கொண்ட பரவலை எடுத்து, அதிலிருந்து ஆயிரம் முறை நேரத்தை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தாமதம் கணக்கிட்டு, அப்புறம் சராசரி எடுங்கள்.

நம் சாலைக்கு இதைக் கொண்டுவரும்போது லேன் என்ற சொல்லே தடுமாறும். ஒரு கார் குறுக்கே நின்றால் கார்கள்தான் நிற்கின்றன, பைக்குகள் நிற்பதில்லை. கூழாங்கல் குவியலில் மணலைக் கொட்டினால் இடுக்கு வழியாக இறங்குவது போல முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. 2011ல் நாயர், மஹ்மஸானி, மில்லர்-ஹூக்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இப்படி நுண்துளை ஊடகத்தில் ஓட்டம் என்ற கோணத்தில் ஒழுங்கற்ற போக்குவரத்துக்கு ஒரு மாதிரியே எழுதினார்கள், அவசியம் படியுங்கள். எளிமையாகச் செய்வதானால், எத்தனை லேன் என்று எழுதாமல் எத்தனை மீட்டர் அகலம் மிச்சம் என்று எழுதுங்கள், பைக்குக்கு ஒரு கணக்கும் நாலு சக்கரத்துக்கு ஒரு கணக்குமாக இரண்டாகப் போடுங்கள். மேலே சொன்ன 49, 83 எல்லாம் அமெரிக்க எண்கள், அப்படியே ஒட்டாதீர்கள். சாதாரணக் கொள்ளளவுக்கு 2017ல் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த இந்தோ-எச்.சி.எம் என்ற இந்தியக் கொள்ளளவுக் கையேடு இருக்கிறது, அடைபட்ட நேரத்துக் கொள்ளளவை நீங்கள்தான் நின்று எண்ண வேண்டும்.

மென்பொருள் வேண்டுமா? அதற்கு முன்னால், சாலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (செல்களாக) வெட்டிக் கணக்குப் போடும் மாதிரி ஒன்றை டகான்சோ என்ற ஆய்வாளர் 1994ல் தந்தார், அதை எக்செல்லில் போட்டுப் பாருங்கள். நம் எண்களுக்கு அது அழகாக வருகிறது. 6 விநாடிக்கு ஒரு வரி, 167 மீட்டருக்கு ஒரு செல், 15 கிலோமீட்டருக்கு 90 செல். ஒரு செல்லில் அதிகபட்சம் 60 வண்டி நிற்கும். ஒவ்வொரு 6 விநாடியிலும் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போவது மூன்று எண்களில் எது சிறியதோ அது: இந்தச் செல்லில் இருக்கும் வண்டிகள், கொள்ளளவு 10, அடுத்த செல்லில் மிச்சமுள்ள இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வரத்து 8. விபத்துச் செல்லில் மட்டும் 300 வரிகளுக்கு அந்த 10ஐ 5 ஆக்குங்கள், பிறகு திரும்ப 10. நெரிசல் செல்களில் 35 வண்டி வந்து நிற்பதையும், வால் பின்னோக்கி ஊர்வதையும், அப்புறம் அலை அதைத் துரத்துவதையும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் வண்ணம் போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை பார்க்கும்போது மனசு நிறைந்துபோகும், நிஜமாகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு லேன் மாறுவது, மாற்றுப் பாதையில் போவது எல்லாம் வேண்டுமென்றால் ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தின் சுமோ என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வண்டியை லேனில் குறிப்பிட்ட நேரம் நிறுத்தி வைத்தால் அதுவே விபத்து. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதில் 300 விநாடிக்கு மேல் நகர முடியாமல் நிற்கும் வண்டியை மென்பொருள் தானாகத் தூக்கி அப்பால் போட்டுவிடும், இயல்பு அமைப்பே அப்படித்தான். அதை அணைக்காமல் விபத்தை ஓட்டினால் நெரிசல் நிஜத்தைவிடச் சின்னதாகத் தெரியும், காரணமும் பிடிபடாது.

கடைசியாகத் தரவு. அகற்றிய நேரம் என்று பதிவேட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளும் முன் சாலையில் ஒருமுறை நின்று பாருங்கள். செங்கல்பட்டு தாண்டி ஒரு சாயங்காலம், டயர் வெடித்து லாரி ஒன்று இடது லேனில் நின்றது. கிளீனர் பையன் ஓடிப்போய் ஓரத்து வேலிக்காத்தானில் நாலு கிளை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போட்டான், தலையளவு கற்களை ஒரு பத்தடிக்கு ஒன்று என்று வரிசையாக அடுக்கினான். எச்சரிக்கை முக்கோணம் இல்லாத இடத்தில் அவனால் முடிந்த நல்ல காரியம் அது. ஸ்டெப்னி மாற்ற 50 நிமிடம் ஆனது. லாரி கிளம்பிப் போய்விட்டது. கற்கள் அங்கேயே கிடந்தன. லாரி இருந்தபோது எப்படி வலது பக்கம் ஒடித்துப் போனார்களோ அதேபோல் ஒவ்வொரு காரும் ஒடித்துப் போய்க்கொண்டிருந்தது, வரிசையும் கலையவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் கையில் டார்ச்சோடு இறங்கி வந்து, வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, ஒவ்வொரு கல்லாகக் காலால் உருட்டி ஓரத்தில் தள்ளினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், லாரி போய் 22 நிமிடம் ஆகியிருந்தது. அன்றைய கணக்கில் நான் அடைப்பு நேரம் 50 என்று எழுதவில்லை, 72 என்று எழுதினேன்.